ஓடுற கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடச் சொல்றவங்களுக்கும், விண்டோஸை அழிக்கச் சொல்றவங்களுக்கும்

1/
"டாக்டர், உங்களுக்கு எதுக்குங்க கம்ப்யூட்டர் வேலை? சுகர், பிரஷர் பத்தி மட்டும் எழுதுங்க" என்று நாலு பேர் வருவீங்கன்னு தெரியும். வாங்க, உட்காருங்க.

ஓபி-யில் தினமும் நான் செய்வதில் பாதி வேலை, யாரோ பயமுறுத்தி விட்டதால் தேவையில்லாத செலவுக்குத் தயாராகி வருபவரை நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்க, முதல்ல பார்ப்போம்" என்று சொல்வது. இந்த இழையும் அதே வேலைதான். கொஞ்சம் நீளம். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருப்பவர்கள் கடைசி வரை படிங்க.

2/
விஷயம் இதுதான். விண்டோஸ் 10-க்கான இலவச பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது.

விண்டோஸ் 11-க்குப் போகலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017 கடைசியில்தான். அதாவது 2017 ஆரம்பத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஐ5, ஐ7 கூட வாசலிலேயே நிறுத்தப்படும்.

3/
இதைச் சொன்னதும் கடையில் கிடைக்கும் பதில்: "சார், இது இனிமே வேலைக்கு ஆகாது. புதுசு பாருங்க, இஎம்ஐ போட்டுக்கலாம்."

எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்களுக்கு அப்படித்தான் சொல்லி அனுப்பியிருக்காங்க. பொண்ணு காலேஜ் படிக்குது. லேப்டாப்பில் ஸ்கிரீன், கீபோர்டு, பேட்டரி எல்லாம் நல்லா இருக்கு. நாற்பதாயிரம் ரூபாய்க்கு கொட்டேஷன் கையில் கொடுத்துட்டாங்க. அந்த லேப்டாப்புக்கு ஒரு கேடும் இல்லை. அதில் ஓடும் மென்பொருளுக்கு அப்டேட் வராது, அவ்வளவுதான். இந்த இரண்டும் ஒன்று என்று நம்ப வைப்பதில்தான் வியாபாரம் நடக்குது.

4/
சரி, கடைக்காரரை விடுங்க. இன்னொரு பக்கம் லினக்ஸ் பக்தர்கள். "விண்டோஸே ஒரு வைரஸ். இன்னைக்கே மொத்தமா அழிச்சிட்டு லினக்ஸ் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

இவங்க மேல எனக்கு கடைக்காரரை விட கோபம் அதிகம். ஏன்னா சொல்ற விஷயத்தில் பாதி உண்மை இருக்கு. லினக்ஸ் நல்ல சிஸ்டம், இலவசம், உங்க ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமே லினக்ஸ் கர்னல்தான். எல்லாம் சரி. ஆனா வீட்டில் இருப்பதே ஒரு கம்ப்யூட்டர், அதில் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் பத்து வருஷ போட்டோ, மார்க் ஷீட் ஸ்கேன், கடை கணக்கு. இதை "அழிச்சிடுங்க" என்று ஒரு கமென்ட்டில் சொல்லிவிட்டுப் போக எந்த உரிமையும் யாருக்கும் கிடையாது.

5/
என் கட்சி இது. "விண்டோஸா, லினக்ஸா?" என்ற கேள்வியே தப்பு. ஒரே டிஸ்க்கில் இரண்டும் அருகருகே இருக்கலாம். கம்ப்யூட்டரைப் போடும்போது எது வேணும்னு அதுவே கேட்கும். இதற்கு டூயல் பூட் என்று பெயர். முதலில் பார்த்து, பிறகு பழகி, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். பிடிக்கலைன்னா எடுத்துவிடலாம். இன்றைக்கே முடிவு எடுக்கச் சொல்லி அவசரப்படுத்துபவர் யாராக இருந்தாலும், அந்த அவசரம் அவருடையது, உங்களுடையது இல்லை.

6/
"அப்டேட் இல்லாட்டி என்ன டாக்டர், நல்லாத்தானே ஓடுது?" என்பவர்களுக்கு.

2017 மே 12. வான்னாக்ரை என்ற ரான்சம்வேர். பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்ஹெச்எஸ்-இன் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். ஆம்புலன்ஸ்களைத் திருப்பி விட்டார்கள். கொடுமை என்னன்னா, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாசம் முன்னாடி, மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

அப்டேட் வந்தும் போடாதவர்கள் கதி இது. இனி அப்டேட்டே வராத கம்ப்யூட்டரில் நீங்க நெட் பேங்கிங் பண்ணப் போறீங்களா?

7/
நியாயமாக ஒன்று சொல்லணும். வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு விண்டோஸ் 10 பாதுகாப்பு அப்டேட்களை 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்துப் பெறும் வழியை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் சைன் இன் செய்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசில்லாமலே பதிவு செய்யலாம் என்றார்கள். அப்டேட் பக்கத்தில் பாருங்க.

இதை உங்களிடம் எத்தனை கடைக்காரர் சொன்னார்? அதுவும் போக, விண்டோஸ் 11-ஐ "பைபாஸ்" செய்து போட்டுத் தருகிறேன் என்பார்கள். தகுதி இல்லாத கம்ப்யூட்டரில் போட்டால் அப்டேட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கு. 'கிராக்' விண்டோஸ் பற்றிப் பேசவே வேண்டாம். யார் எழுதினார்கள் என்றே தெரியாத ஆக்டிவேட்டரை, வைரஸ் கார்டை ஆஃப் செய்துவிட்டு ஓட்டுவது, லேபிள் கிழிந்த பாட்டிலில் இருந்து ஊசி போடுவது மாதிரி.

8/
இன்னொரு வேடிக்கை. தமிழ்நாட்டில் இரண்டு சிஸ்டம் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றும் புதுசு இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கொடுத்தவற்றில், விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ். அரசாங்கமே டூயல் பூட் போட்டு பிள்ளைகள் கையில் கொடுத்தது.

ஆனா அது என்ன, எதுக்கு என்று உட்கார வைத்துச் சொல்லித் தர ஆள் இல்லை. பக்கத்து கேரளாவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பாடத்தையே லினக்ஸில் படிக்கிறாங்க. அவங்களுக்கு மூளை வேற, நமக்கு வேறயா? சொல்லிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

9/
இனி எப்படிச் செய்வது. வரிசை முக்கியம். மாத்தாதீங்க.

முதல் படி: பேக்கப். வெளியே தனியாக இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுக்கணும். எடுத்து, திறந்து பார்த்து, கழற்றி, பீரோவில் வைக்கணும்.

"டி டிரைவ்ல ஒரு காப்பி இருக்கே டாக்டர்?" அதுதான் பெரிய ஏமாற்று. கடையில் பிரித்துக் கொடுத்த சி, டி, இ மூன்றும் ஒரே டிஸ்க். ஒரே வீட்டின் மூணு ரூம். வீடு எரிந்தால் மூணும் எரியும். டி டிரைவ் பேக்கப் கிடையாது.

10/
பேக்கப் எடுக்க வழியில்லை என்றால் இங்கேயே நிறுத்திடுங்க. கோபப்பட்டு சொல்லலை. பேக்கப் இல்லாமல் டிஸ்க்கைப் பிரிப்பது, பிளட் ரெடி பண்ணாமல் தியேட்டருக்குள் போவது. பத்தில் ஒன்பது தடவை ஒன்றும் ஆகாது. அந்தப் பத்தாவது தடவைக்குத்தான் பிளட் பேங்க்.

அதே மாதிரி டிஸ்க் ஏற்கனவே டக் டக்னு சத்தம் போடுது, ஃபைல் திறக்க நிமிஷக் கணக்கா ஆகுது என்றால் அதில் எதையும் பிரிக்க வேண்டாம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்க. 'பேட்' என்று காட்டினால் பேக்கப் எடுத்துட்டு டிஸ்க்கை மாத்துங்க. எஸ்எஸ்டி போட்டாலே பாதி "பழைய" கம்ப்யூட்டர்கள் எழுந்து ஓடும். அது தனிக் கதை.

11/
இரண்டாவது படி: விண்டோஸுக்குள் இரண்டு விஷயம் பார்க்கணும்.

ஒன்று, பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்'. பல லேப்டாப்களில் உங்களைக் கேட்காமலே ஆன் ஆகியிருக்கும். அதன் ரெக்கவரி கீ 48 இலக்கம். உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். தேடி, பேப்பரில் எழுதி வையுங்க. பிறகு என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, முழுசா முடியும் வரை காத்திருங்க. கீ இல்லாமல் பூட் செட்டிங்கில் கை வைத்தால், உங்க வீட்டுக்குள் நீங்களே போக முடியாது.

இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசா தூங்காது, அரை மயக்கம்தான். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுதினால் ஃபைல் கெட்டுப் போகலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் ஆஃப் செய்துடுங்க.

12/
மூன்றாவது படி: டெஸ்ட் டோஸ். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. நிறைய பேருக்குத் தெரியாததும் இதுதான்.

லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று போதும். அதில் இருப்பதெல்லாம் அழியும் என்பதால் காலியானதை எடுங்க. புதுசா பழகுபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் நல்லது, பார்க்க விண்டோஸ் மாதிரியே இருக்கும். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் வசதி. அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றுங்க.

13/
கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் (கம்பெனிக்கு கம்பெனி மாறும்) அழுத்தி பென் டிரைவைத் தேர்ந்தெடுங்க. லினக்ஸ் திறக்கும். 'இன்ஸ்டால்' என்ற ஐகானைத் தொடாத வரை, உங்க டிஸ்க்கில் அது எதையும் மாற்றாது. பென் டிரைவைக் கழற்றி ரீஸ்டார்ட் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

இதில் சோதிக்க வேண்டியவை: வைஃபை, சத்தம், கேமரா, டச்பேட், பிரின்டர், யூடியூப். வைஃபை கிடைக்கலைன்னா பயப்படாதீங்க. சில பிராட்காம் சிப்களுக்கு டிரைவர் தனியாகப் போடணும். வேகத்தை மட்டும் இதை வைத்து எடை போடாதீங்க. பென் டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாத்தான் இருக்கும்.

14/
ஒரு வாரம் இப்படியே ஓட்டுங்க. பிள்ளைகளிடம் கொடுங்க. அப்பா அம்மாவிடம் கொடுங்க. "பிடிக்கலை, வேண்டாம்" என்று தோன்றினால் இத்தோடு நிறுத்தலாம். ஒரு ரூபாய் நஷ்டமில்லை, ஒரு ஃபைல் நஷ்டமில்லை.

புது லேப்டாப்பை இப்படி ஒரு வாரம் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்க்க எந்தக் கடையாவது விடுமா? கேட்டுப் பாருங்களேன்.

15/
நான்காவது படி: இடம் ஒதுக்குவது. இதை விண்டோஸிலிருந்தே செய்யுங்க. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். காலி இடம் நிறைய இருக்கும் டிரைவில் ரைட் கிளிக், 'ஷ்ரிங்க் வால்யூம்'. பழகுவதற்கு 50 ஜிபி போதும். காலி இடம் மொத்தத்தையும் சுரண்டாதீங்க, விண்டோஸுக்கும் மூச்சு விட இடம் வேணும்.

இப்போ கருப்புப் பட்டையோடு 'அன்அலோகேட்டட்' என்று ஒரு பகுதி தெரியும். அதை அப்படியே விட்டுடுங்க. அதில் புது டிரைவ் எதுவும் உருவாக்க வேண்டாம். 'டைனமிக் டிஸ்க்காக மாற்றவா?' என்று கேட்டால் கண்டிப்பா 'நோ'. பழைய எம்பிஆர் முறை டிஸ்க்கில் நான்கு பிரைமரி பகுதிகளுக்கு மேல் வைக்க முடியாது. ஏற்கனவே நான்கு இருந்தால் நீங்களா மேலே போகாதீங்க, தெரிந்தவரைக் கூட வைத்துக்கொள்ளுங்க.

16/
ஐந்தாவது படி: இன்ஸ்டால். லேப்டாப் என்றால் சார்ஜர் சொருகியிருக்கணும். டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் வேணும். மாதாந்திர பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவித்த நாளில் உட்காராதீங்க.

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் உயிர் போகும் கேள்வி. ஒரு பக்கம் 'விண்டோஸுக்கு அருகில் நிறுவு' என்ற பொருளில் 'அலாங்சைட்' என்று ஒரு வரி. அதன் கீழே 'எரேஸ் டிஸ்க்' என்று ஒரு வரி. இரண்டாவதைத் தொட்டால் சி, டி, இ எல்லாம் காலி. லினக்ஸ் போட்டு டேட்டா போச்சு என்ற கதைகளில் பலவும் இந்த ஒரு வரியைப் படிக்காமல் அழுத்தியதில் தொடங்குவதுதான்.

'அலாங்சைட்' என்ற வரியே வரலைன்னா விண்டோஸை அது கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம். ஊகம் பண்ணி மேலே போகாமல் மூடிடுங்க. டிஸ்க் எதுவுமே தெரியலைன்னா பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி முறை காரணமாக இருக்கலாம். அதையும் தெரியாமல் மாத்தினால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகும். விசாரித்துவிட்டு வாங்க.

17/
முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு மெனு வரும். லினக்ஸா, விண்டோஸா, தேர்ந்தெடுங்க.

ஒரு சின்ன குழப்பம் வரும், அதுக்கு பயந்துடாதீங்க. காலை 10 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் 4.30 என்று காட்டும். கம்ப்யூட்டரின் உள் கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாக வைத்துக்கொள்ளும், விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று நினைத்துவிடும். இடையில் உள்ள ஐந்தரை மணி நேரம்தான் அது. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுன்னு சர்வீஸுக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க.

18/
இனி லினக்ஸ் பக்தர்கள் சொல்லாத பகுதி.

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ், ஃபோட்டோஷாப், டேலி ஆகியவற்றின் டெஸ்க்டாப் பதிப்புகள் லினக்ஸுக்கென்று வருவதில்லை. லிப்ரே ஆஃபீஸ் இருக்கு, நல்லாவே இருக்கு. ஆனா சிக்கலான எக்செல் ஃபைலை அச்சு பிசகாமல் திறக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து வேலை செய்பவர்களுக்கு லினக்ஸில் தலைவலி வரும். ஏமாற்று தடுப்பு மென்பொருள் உள்ள சில ஆன்லைன் கேம்கள் ஓடாது.

தமிழ் தட்டச்சு? தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் முறை எல்லாமே இருக்கு. ஒருமுறை ஐபஸ் என்ற அமைப்பில் சேர்த்துக்கொள்ளணும்.

இப்போ புரியுதா, விண்டோஸை ஏன் அழிக்க வேண்டாம் என்கிறேன்?

19/
டூயல் பூட்டும் தங்கத் தட்டு இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், இரண்டும் வைத்திருந்த பலருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸைத் திறக்க விடாமல் செய்தது. டூயல் பூட் கம்ப்யூட்டர்களுக்கு இந்த மாற்றம் போகாது என்று சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார்கள். முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு குடும்பம் இருந்தால் இப்படி உரசல் வரும்.

இன்னொன்று, டிஸ்க் ஒன்றுதான். அது செத்தால் இரண்டு சிஸ்டமும் சேர்ந்தே சாகும். அதனால்தான் பீரோவில் இருக்கும் பேக்கப்பை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். டூயல் பூட் போட்ட பிறகும் மாதம் ஒரு முறை எடுங்க.

20/
யாருக்கு இது வேண்டாம்? நாளை காலையில் அதே கம்ப்யூட்டரில் பில் போட்டால்தான் கடை ஓடும் என்பவர், தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும் மாணவர், பேக்கப் எடுக்காதவர். பென் டிரைவில் ஓட்டிப் பார்ப்பதை மட்டும் இவர்களும் செய்யலாம்.

யாருக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டியது? 2017-க்கு முந்தைய கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு, "புதுசு வாங்கணுமாமே" என்று தூக்கம் கெட்டுக் கிடக்கும் ஒவ்வொரு குடும்பமும்.

21/
எப்படிப் பிரித்துப் பயன்படுத்துவது? என் யோசனை இது. நெட் தொடர்பான எல்லாம், அதாவது பேங்க், மெயில், பிள்ளைகளின் படிப்பு, வீடியோ எல்லாம் லினக்ஸ் பக்கம். டேலி, பழைய எக்செல், பழைய ஸ்கேனர் என்று நகர முடியாதவை மட்டும் விண்டோஸ் 10 பக்கம், அப்டேட் நின்ற பிறகு அங்கே நெட்டைத் துண்டித்துவிட்டு.

லினக்ஸ் மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. காசு கிடையாது. தூக்கிப் போடச் சொன்ன அதே கம்ப்யூட்டருக்கு.

22/
"டாக்டர், இதெல்லாம் எங்களுக்குப் புரியாது, கடையிலேயே செய்துக்கிறோம்" என்றால் தாராளமா செய்யுங்க. அவர்களும் உழைத்துத்தான் பிழைக்கிறார்கள், கூலி கொடுங்க. ஆனா கம்ப்யூட்டரைக் கையில் கொடுக்கும் முன்னாடி நாலு கேள்வி கேளுங்க.

ஒன்று: என் ஃபைல்களுக்கு வெளியே பேக்கப் எடுத்தாச்சா, காட்டுங்க.
இரண்டு: பிட்லாக்கர் கீ என் கையில் இருக்கா?
மூன்று: போடப் போகும் விண்டோஸ் ஒரிஜினலா, கிராக்கா?
நான்கு: இதில் உண்மையில் என்ன பழுது? டிஸ்க்கா, ரேமா, இல்லை வெறும் சாஃப்ட்வேரா?

நாலாவது கேள்விக்குத் தெளிவா பதில் வராத இடத்தில் இஎம்ஐ ஃபார்மில் கையெழுத்துப் போடாதீங்க.

23/
ஆபரேஷனுக்கு முன்னாடி கன்சென்ட் வாங்குறோம். என்ன நோய், என்ன வழிகள் இருக்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டுத்தான் கத்தியை எடுக்கணும். ஒரு குடும்பத்தின் ஒன்றிரண்டு மாசச் சம்பளத்தை வாங்கும் எவருக்கும் அதே கடமை உண்டு. "இது குப்பை" என்று ஒற்றை வரியில் முடிப்பவரும் அதைச் செய்யவில்லை. "அழிச்சிட்டு லினக்ஸ் போடு" என்பவரும் செய்யவில்லை.

24/
சுருக்கம் கேட்பவர்களுக்கு:

• ஓடும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீங்க
• அப்டேட் இல்லாத விண்டோஸில் பேங்க் வேலை பார்க்காதீங்க
• டி டிரைவ் பேக்கப் இல்லை
• முதலில் பென் டிரைவில் ஒரு வாரம்
• பிறகு 50 ஜிபி ஒதுக்கி அருகருகே
• 'எரேஸ் டிஸ்க்' பக்கம் கையே போகக் கூடாது
• விண்டோஸை அழிப்பதா வேண்டாமா என்பதை ஆறு மாசம் கழித்து நீங்களே முடிவு செய்யுங்க

சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் மாடல் பெயரும் ரேம் அளவும் போடுங்க. டியூட்டி முடிந்து பார்க்கிறேன். வீட்டில் பழைய லேப்டாப் வைத்துக்கொண்டு விலை விசாரிக்கும் யாருக்காவது இதை அனுப்புங்க. இந்த வாரக் கடைசியில் செய்ய வேண்டியது பேக்கப் மட்டும்தான். மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம்.